இரண்டு குதிக்காலும் நிலத்தில்

2025 பெப்ரவரி 8, சனி

என் குதிக்கால்களை இன்று நான்கு ஆண்கள் குனிந்து பார்த்தார்கள்.

அலுவிகாரையில் ஒரு வீட்டு முற்றம். விற்பனைக்கு நின்ற பைக்கில் என்னை ஏற்றி உட்காரவைத்தார்கள். ஒரு பக்கம் வாப்பா, மறுபக்கம் எனக்கு மூத்தவர் றிகாஸ் நானா, முன்னால் பைக்கின் சொந்தக்காரர், பின்னால் அவருடைய மைத்துனராம் ஒருவர். மண்ணில் எதையோ தவறவிட்டவர்கள் போல நால்வரும் நிலத்தைப் பார்த்தார்கள். என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

"எட்டல்லயே," என்றார் வாப்பா.

"பெருவிரல் மட்டுந்தான் படுது," என்றார் நானா.

சொந்தக்காரர் சிரித்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: "முதலாளி, இந்தப் பொடி நங்கிக்கு ஒரு சைக்கிள் எடுத்துக் கொடுங்கள்." பொடி நங்கி. சின்னத் தங்கச்சி. எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. எனக்கும் சிங்களம் விளங்கும் என்று அவருக்குத் தெரியாதா? இல்லை, தெரிந்தும் பரவாயில்லை என்று நினைத்தாரா?

வீடு வரும்வரை நானா அதையே பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தார். இனி இந்தப் பெயர் எனக்கு ஒட்டிவிடும். பார்த்துக்கொண்டே இரு.

கோபத்தில் காரணம் மறந்துவிடக் கூடாது, எழுதிவைக்கிறேன். நவம்பரில் உயர்தரப் பரீட்சை. இரசாயனவியல் வகுப்பு மாத்தளை டவுனில், புதனும் வெள்ளியும். முடிய ஆறரையாகும். எங்கள் எல்கடுவப் பாதைக்குக் கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடும். இப்போது நானா வந்து ஏற்றிக்கொண்டு வருகிறார். ஜூலையில் அவர் கட்டாருக்கு வேலைக்குப் போகிறார். வாப்பா மிளகும் கராம்பும் வாங்க ஊர் ஊராகச் சுற்றிவிட்டு இருட்டித்தான் வருவார். தெரியாத ஆளின் த்ரீவீலரில் என்னைத் தனியே ஏற்றவும் மாட்டார். ஆகவே நானா போனால் வகுப்பும் போகும். நானே ஓட்டினால் போகாது.

வாப்பா சம்மதித்திருக்கிறார், ஒரு நிபந்தனையோடு. "ரெண்டு குதிக்காலும் நெலத்துல படணும் மகள். பட்டா ஓட்டுங்க. படல்லன்னா அந்தப் பேச்சயே விட்டுறணும்."

பெப்ரவரி 9, ஞாயிறு

இணையத்தில் படித்த முறைப்படி என் காலை அளந்தேன். சுவரோடு முதுகை ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே முடிந்தவரை மேலே தள்ளி, அதன் விளிம்பிலிருந்து நிலம்வரை அளக்க வேண்டும். வீட்டில் தடித்த புத்தகம் என்றால் என் இரசாயனவியல் வழிகாட்டிதான். இருபத்தைந்து அங்குலம்.

அந்த நேரம் பார்த்து உம்மா உள்ளே வந்துவிட்டார். "அஸ்தஃபிருல்லாஹ்! படிக்கிற புத்தகத்த எங்க வெச்சிருக்கா பாருங்க!"

பைக் சீட்டுகள் எல்லாம் முப்பது அங்குலத்தைச் சுற்றி. ஐந்து அங்குலத்தை நான் எங்கே போய்த் தேடுவது?

பெப்ரவரி 22, சனி

இன்று ஸ்கூட்டர். உம்மாவின் விருப்பம். "பொம்புளப் புள்ளைக்கு ஸ்கூட்டிதான் லேசி, கியரும் இல்ல."

விற்பவர் வாப்பாவுக்குத் தெரிந்த பலசரக்குக் கடைக்காரர். என்னை ஏறச் சொன்னார். மறுபடியும் குனிந்தார்கள். இதன் சீட், முன்பு பார்த்த பைக்கைவிடத் தாழ்வு. ஆனாலும் கால் இன்னும் குறைவாகத்தான் எட்டியது! எனக்கே ஆச்சரியம். உட்கார்ந்தபடியே யோசித்தேன். பிறகு விளங்கியது: அகலம். சீட் அகலமாக இருந்தால் தொடை விரிகிறது, கால் நேரே இறங்காமல் சாய்ந்து இறங்குகிறது. காலின் நீளம் பக்கவாட்டில் வீணாகிறது. ஒரு முக்கோணம் கீறினால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். உயரத்தை மட்டும் கேட்டுப் பயனில்லை, ஒடுக்கமான சீட் வேண்டும்.

இதைச் சத்தமாகவே சொன்னேன்.

கடைக்காரர் வாப்பாவைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், மகள் நல்லாப் பேசுறாங்க. எத்தின வயசு?" என்று கேட்டார்.

பேசியது நான். வயது எனக்கு. கேள்வி வாப்பாவுக்கு. வாப்பாவும் பெருமையாகச் சிரித்துக்கொண்டு பதில் சொன்னார். நான் என்ன பேசினேன் என்பது மட்டும் அங்கிருந்த யாருக்கும் தேவைப்படவில்லை.

மார்ச் 15, சனி

கிடைத்துவிட்டது! உக்குவளையில், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையிடம் இருந்தது. சிவப்பு நிறம், பழைய நூறு சீசீ. சீட் முன்பக்கம் ஒடுங்கி இருக்கிறது. உட்கார்ந்தேன். இரண்டு முன்பாதங்களும் உறுதியாக நிலத்தில் பட்டன. கைப்பிடி கைக்கு வந்தது, முழங்கால் வசதியாக மடிந்தது. என்னை யாரோ கேட்டுச் செய்த பைக் போல இருந்தது.

"குதி படல்லயே," என்றார் வாப்பா. ஆனாலும் வாங்கிவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

எப்படி எழுதுவேன்.

காலையில் வேறொரு பாட வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் பைக் நிற்கிறது, சீட் இல்லை. நானா அதைக் கழற்றிக்கொண்டு பைக் திருத்தும் கராஜ் பாஸிடம் போய்விட்டாராம். பின்னேரம் அஸர் தொழுகை நேரம் நானாவும் பாஸும் சீட்டோடு வந்தார்கள். உள்ளே இருந்த ஸ்பொஞ்சைப் பாதிக்கு மேல் அரிந்து எறிந்திருக்கிறார்கள். சீட் இப்போது பள்ளிக்கூட வாங்குப் பலகை மாதிரி. பின்பக்கம் அதிர்வைத் தாங்கும் ஷொக்கையும் நான் வருமுன்பே இறக்கிவிட்டார்களாம். நான் சரியாக இருக்கிறது என்று சொன்ன ஒரே ஒரு பைக்கை என்னை ஒரு வார்த்தை கேட்காமல்! லைசன்ஸ் எடுக்கப் போறது நான், கால் என்னுடையது, உட்காரப் போறது நான் — என்னைக் கேட்டாங்களா? ஒரு வார்த்த கேட்டாங்களா?

ஏற்றிப் பார்த்தார்கள். குனிந்தார்கள்.

"இப்ப பாருங்க வாப்பா, ரெண்டு குதியும் சப்பையா படுது!" என்று நானா கைதட்டினார்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் வாப்பா.

நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியிருந்தது. சண்டை வேண்டாம் என்று சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இப்போது என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

மைதானத்தில் பழகுகிறேன். எல் போர்ட் கட்டியாயிற்று. முழங்கால் வயிற்றை முட்டுகிறது. இடது கால் அவ்வளவு மடிந்திருப்பதால் கியர் நெம்புகோலுக்கு அடியில் பாதத்தை நுழைக்கவே முடியவில்லை. இறங்கும்போது இடுப்பு விட்டுப்போகிறது. "பழகினா சரி வரும் பொடி நங்கி," என்கிறார் நானா. பழகவேண்டியது எப்போதும் நான்தான்.

ஏப்ரல் 19, சனி

விழுந்துவிட்டேன்.

வீட்டுக்குக் கீழே உள்ள இடது வளைவு. மெதுவாகத்தான் போனேன். பைக்கைச் சாய்த்ததும் அடியில் கர்ரென்று ஒரு சத்தம். இரும்பு தாரில் உரசும் சத்தம். பின்சில்லு தூக்கிக்கொண்டது போல இருந்தது, அவ்வளவுதான், நானும் பைக்கும் பாதையில். முழங்கையில் தோல் போய்விட்டது. ஷல்வார் கிழிந்தது. பின்னால் த்ரீவீலரில் வந்தவர்கள் இறங்கித் தூக்கிவிட்டார்கள்.

நானா என்று மரியாதையாக எழுத இன்று கை வரவில்லை. அவன் வாப்பாவிடம் சொன்னது இதுதான்: "கட்டையா இருந்தா பெலன்ஸ் வராது வாப்பா. நான் அப்பவே சொன்னேன்."

எப்ப சொன்னான்? எப்ப? பைக்க வெட்டித் தாழ்த்தினது யாரு? ஷொக்க இறக்கினா அடியில இருக்கிற ஸ்டாண்டும்தானே இறங்கும், சாய்ச்சா அது நெலத்துல இடிக்காம என்ன செய்யும்? ஸ்டாண்டில் புதுசா ஒரு கீறல் பளபளவென்று இருக்கிறது. "வந்து பாருங்க, வந்து ஒருக்கா பாருங்க" என்று கத்தினேன். ஒருவரும் வரவில்லை. என் குதிக்காலைப் பார்க்க நான்கு பேர் குனிந்தார்கள், ஸ்டாண்டைப் பார்க்கக் குனிய ஒருவருக்கும் இடுப்பு இல்லை.

வாப்பா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். "போதும் மகள்," என்றார். "நானா போற வரைக்கும் வகுப்புக்குப் போங்க. பொறவு வீட்டுல இருந்து படிக்கலாம்."

இரசாயனவியலை வீட்டில் இருந்து படிக்கலாமாம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

உம்மா காயத்துக்கு மருந்து பூசினார்.

மே 14, புதன்

இன்று பார்த்ததை ஒழுங்காக எழுத வேண்டும், அவசரப்படக் கூடாது.

வகுப்புக்குப் போகும் பஸ் உக்குவளை ரயில் கடவையில் நின்றது. கதவு மூடியிருந்தது. எனக்கு ஜன்னலோர இடம். கீழே பைக்குகள் ஒவ்வொன்றாக வந்து நெரிந்து நின்றன. எனக்கு இப்போது யாருடைய முகமும் தெரிவதில்லை, காலைத்தான் பார்க்கிறேன். அந்த வியாதியை எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எல்லோரும் இடது காலை மட்டுமே ஊன்றியிருந்தார்கள்.

வலது கால் பிரேக்கின் மேல். பின்னால் பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்தவர், பேக்கரிப் பாண் பெட்டியோடு வந்தவர், சீருடையில் ஒரு பொலிஸ்காரர், எல்லோரும். ஆறடி உயரமான ஒருவர் நினைத்தால் இரண்டு முழங்காலையும் மடித்து ஊன்றலாம், அவர்கூட ஒற்றைக் கால்தான். கடவைக்கு ஏறும் இடம் சரிவு. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் பைக் பின்னால் உருளும் அல்லவா? இரண்டு காலையும் ஊன்றுகிறவன்தான் இந்த மலைப் பாதையில் விழுவான்!

ரயில் போனது. எல்லோரும் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்படியானால் அந்தச் சட்டம் யாருக்கு? உலகத்தில் யாருமே எழுதாத பரீட்சையை எனக்கு மட்டும் வைத்து, என்னை மட்டும் சித்தியடையவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் ஆசிரியர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட ஞாபகம் இல்லை.

மே 15, வியாழன்

செய்யக் கூடாததைச் செய்துவிட்டேனா? தெரியவில்லை.

மஃரிப் தொழுகை முடிந்து இருட்டியபிறகு வாப்பாவின் பைக் வரும் சத்தம் கேட்டு வாசலுக்குப் போய் நின்றேன். பின்னால் மிளகு மூட்டை. கேட்டடியில் நிறுத்தினார். இடது கால் மட்டும் இறங்கியது. அதிலும் முன்பாதம் மட்டும். குதிக்கால் செருப்பை விட்டு மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

பதினெட்டு வருடமாக இந்த வாப்பாவைப் பார்க்கிறேன். அவர் கட்டையானவர் என்பது இன்றுதான் எனக்குத் தெரிகிறது.

"வாப்பா, அப்படியே இருங்க," என்றேன். "ரெண்டு குதிக்காலயும் நெலத்துல வைங்களே பாப்பம்."

"என்ன மகள்?"

"வைங்க. ரெண்டும் படணும். படல்லன்னா நீங்களும் ஓட்டக் கூடாது."

நானாவும் வெளியே வந்துவிட்டார். உம்மா கதவடியில். வாப்பா என்ன நினைத்தாரோ, பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்து இறக்கினார். மூட்டையின் பாரத்தில் பைக் ஒரு பக்கம் சாய்ந்தது. நானா ஓடிப்போய்ப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருக்கும்.

ஒருவரும் சிரிக்கவில்லை. வாப்பா இறங்கி, மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். சாப்பிட வரவில்லை.

நான் சொன்னது பிழையில்லை. பிழையில்லை. ஆனால் அவர் முகம் போன போக்கு...

மே 18, ஞாயிறு

மூன்று நாளாக வாப்பா என்னோடு பேசவில்லை. இன்று சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே உம்மா சொன்னார்.

"ஒங்க வாப்பா மொதமொத பைக் எடுத்த நேரம், றத்தோட்ட சந்தையில ஆக்களுக்கு முன்னால விழுந்தாரு. சரிவுல நிப்பாட்டப் போயி, கால் எட்டல்ல. ரெண்டு மூட்ட கராம்பும் கொட்டிப் பாதையெல்லாம் பரவிட்டு. எல்லாரும் சிரிச்சாங்களாம். இன்னும் அந்தச் சந்தைக்கு அவரு போறல்ல. நீங்களும் அப்படி விழுந்துறக் கூடாதுன்னுதான்..."

"அப்ப அத சொல்லியிருக்கலாமே உம்மா."

"அத எப்படிச் சொல்லுவாரு?"

எனக்கு அழுகை வந்தது, உடனே கோபமும் வந்தது. தான் விழுந்த கதையைச் சொல்ல வெட்கம். ஆனால் என் காலை ஊராரை அழைத்துக் காட்ட வெட்கமில்லை. தன் பயத்தை என் உயரத்தின் மேல் ஏற்றிவைத்துவிட்டார். பாவம் என்று நினைக்கிறேன். நியாயம் என்று நினைக்கமாட்டேன். இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ள முடிகிறது, அதுதான் ஆச்சரியம்.

"நீங்க பைக் ஓட்டுறதப் பத்தி என்ன சொல்றாருன்னு கேட்டேன்," என்றார் உம்மா. "'அவட இஷ்டம்'னாரு."

இஷ்டம் என்றால் சம்மதமா, கைகழுவுவதா? சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

மே 24, சனி

உம்மாவை அழைத்துக்கொண்டு நானே கராஜுக்குப் போனேன். கொப்பியிலிருந்து கிழித்த தாளில் சீட்டின் படத்தைக் கீறிக் கொடுத்தேன். உயரம் பழையபடி. முன்பக்கம் இரண்டு ஓரத்தையும் மட்டும் சரிவாக அரிய வேண்டும். ஷொக்கைப் பழைய இடத்துக்கு ஏற்ற வேண்டும்.

பாஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு—"

"நானாவா பாஸ் உட்காரப் போறாரு?" என்றேன்.

உம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. பாஸ் ஸ்பொஞ்சை எடுத்தார்.

மே 31, சனி

முன்பாதம் படுகிறது. நிறுத்தும்போது உடம்பைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினால் பாதம் முழுவதுமே படுகிறது! கியர் மாறுகிறது. அந்த இடது வளைவில் மூன்று முறை போய்வந்தேன். சத்தமே இல்லை.

ஜூன் 7, சனி. ஹஜ்ஜுப் பெருநாள்

வாப்பா பெருநாள் வாழ்த்துச் சொன்னார். பைக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானா மட்டும் மாமி வீட்டில் எல்லோருக்கும் முன்னால், "பொடி நங்கி இப்ப டிசைன் எஞ்சினியர்" என்றார். கேலியா, பெருமையா? கேலி என்றே வைத்துக்கொண்டு ஒரு துண்டு வட்டிலப்பத்தை அவருக்குக் கொடுக்காமல் நானே சாப்பிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

லைசன்ஸுக்கான ட்ரயல். எட்டுப் போடும்போது கால் நிலத்தில் படவே கூடாது என்று பரீட்சகர் முதலிலேயே சொன்னார். கால் படக் கூடாதாம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முறைத்தார்.

சித்தியடைந்துவிட்டேன்.

ஜூலை 19, சனி

நானா போய்விட்டார். பெட்டியை வேனில் ஏற்றிவிட்டு என் தலையைத் தட்டினார். "பொடி நங்கி, வளைவுல பாத்துப் போ."

"அந்தப் பேரயும் பெட்டியில போட்டுக் கொண்டுபோங்க," என்றேன்.

"பாரம் கூடிரும்," என்றார். ஸ்டாண்டைப் பற்றி இன்றுவரை அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் மறக்கவும் இல்லை. வேன் போனபிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

ஓகஸ்ட் 6, புதன்

வகுப்பு முடிய ஆறரையும் தாண்டிவிட்டது. இன்றைய பாடம் மின்பகுப்பு. மழை தூறியது. கடவையில் கதவு மூடியிருந்தது, பைக்குகளோடு பைக்காக நின்றேன். இடது கால். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. எவ்வளவு சுகமாக இருந்தது, ஒருவரும் பார்க்காமல் இருப்பது.

வீட்டுக்கு வந்தால் வாப்பா எனக்கு முன்பே வந்திருந்தார். அவருடைய பைக் முற்றத்தில் நனைந்துகொண்டு நின்றது. சீட்டுக்குப் புது உறை. முன்பக்கம் இரண்டு ஓரமும் சரிவாக அரிந்து, பாஸின் கறுப்பு நூல் இரட்டைத் தையல். நான் கீறிக் கொடுத்த அதே வளைவு.

வாப்பா வெளியே வந்தார். அவராகவே, "பழைய சீட் கிழிஞ்சிபோச்சி," என்றார்.

கிழிந்திருக்கவில்லை. காலையில் பார்த்தேன்.

"நனையிது, கூரைக்குள்ள எடுக்கணும்," என்று சொல்லிவிட்டுப் பைக்கில் ஏறினார். என் பைக்குக்குப் பக்கத்தில் இடம் விட்டு, மெதுவாக ஓட்டிவந்து நிறுத்தினார்.

அவர் கால் எங்கே பட்டது என்று நான் குனிந்து பார்க்கவில்லை.